பணியிடைப் பொழுதும் சிவவழிபாடும்

சிவமயம்

"வழிபாடு செய்யப் பொழுதில்லை" என்னும் சொல் இந்நாளிற் சைவர் பலர் வாயிலும் வழங்குகின்றது. அலுவலகம் செல்வோரும், ஆலையில் உழைப்போரும், வாணிகத்திற் புகுந்தோரும், வீட்டுக் கடமைகளில் விடியல் முதல் நள்ளிரவு வரை நின்று தேயும் மகளிரும் இதனையே கூறுகின்றனர். இது வெறுஞ் சாக்கு என்று கூறி ஒதுக்குதல் எளிது. யானும் ஒருகால் அவ்வாறே ஒதுக்கினேன். அதனால் நேர்ந்த பிழையொன்று என் நெஞ்சை நெடுங்காலமாக உறுத்தி வருதலின், அதனை முதற்கண் கூறிப் பின்னர்ப் பொருளுட் புகுவேன்.

ஏறக்குறைய முப்பதாண்டுகட்கு முன், யான் தமிழாசிரியனாய் இருந்த ஊரில் நூலாலைத் தொழிலாளர் ஒருவர் ஞாயிறுதோறும் என்னிடம் வந்து திருமுறை பாடங் கேட்பர். அவர்க்கு ஆலையில் முறைவேலை. ஒரு வாரம் பகல், மறு வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு என வேலைநேரம் மாறிக்கொண்டே இருக்கும். சமயதீக்கை பெறவேண்டுமென்னும் பெருவிருப்புடையவர். ஒருநாள் அவர், "ஐயா, இரவு முழுதும் இயந்திரத்தின்முன் நின்று காலையில் வீடு திரும்பும் எனக்கு விடியற்சந்தி எது? பகலில் உறங்குகின்ற வாரத்தில் உச்சிச்சந்தி எது? தாங்கள் வழி கூறல் வேண்டும்" என்று வினவினார். திருமடத்திற் பயின்ற செருக்கு என்னிடம் மிக்கிருந்த காலம் அது. "விதித்த பொழுதிற் செய்ய இயலாதவர் தீக்கையை விரும்புதல் ஆகாது" என்று ஒரே சொல்லிற் கூறிவிட்டேன். அவர் மறுமொழி கூறாது வணங்கிச் சென்றார். அடுத்த ஞாயிறு வந்திலர். அதன்பின் ஒருபோதும் வந்திலர்.

அவர் வினாவிற்கு யான் அன்று கூறியிருக்க வேண்டிய விடை யாது என்பதை நம் சமய வரலாற்றினின்றே ஆராய்ந்து காண்டல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

பொழுதும் சந்தியும்

நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இக்காலக் கணக்கில் 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு யாமம். எட்டு யாமம் ஒரு நாள். நீரில் இட்ட சிறு துளையுடைய வட்டிலைக் கொண்டு நாழிகை அளந்தனர். பாசறைக்கண் இருந்த அரசனுக்கு நாழிகை அளந்து கூறுவோர் இருந்தமையை முல்லைப்பாட்டால் அறிகின்றோம். ஆகவே பொழுதை நுண்ணிதின் அளக்கும் வழக்கம் மேனாட்டார் கடிகாரத்தோடு இங்கு வந்ததன்று, சங்ககாலத்தே உள்ளது.

திருக்கோயில்களில் உஷக்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாங்காலம், அர்த்தசாமம் என்னும் ஆறுகால வழிபாடு இப்பகுப்பின்வழி அமைந்தது. தீக்கை பெற்றோர் தம் இல்லத்திற் செய்யும் அனுட்டானமும் காலை, உச்சி, மாலை என்னும் சந்திகளைப் பற்றியே விதிக்கப்பட்டது. ஞாயிறு தோன்றுவதற்கு ஐந்து நாழிகை, அஃதாவது இரண்டு மணி நேரத்திற்கு முன் துயிலெழுக என்பது நித்தியகரும விதி.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. இல்லத்தில் ஒருவன் செய்ய இயலாத ஆறு காலத்தையும் கோயில் அவன் பொருட்டுச் செய்கின்றது. தனியொருவன் தளர்ந்த இடத்து ஊர் முழுதும் கூடி ஏந்தும் சுமையாகவே நித்திய வழிபாடு தமிழ்நாட்டில் வளர்ந்தது. வயலில் உழுபவன் செவியில் உச்சிக்காலத்து மணியோசை விழும். அவன் ஏரை நிறுத்தி அத்திசை நோக்கிக் கைகுவிப்பான். அவ்வளவே அவனுக்கு வாய்க்கும். அது வழிபாடன்று என்று நம் பெரியோர் எவரும் கூறிற்றிலர்.

தொழில்செய்த அடியார்கள்

திருத்தொண்டர் வரலாற்றை நாம் பன்முறை ஓதுகின்றோம். ஆயினும், அறுபத்துமூவருட் பலர் கைத்தொழில் செய்து வயிறு வளர்த்தவர் என்பதை உளங்கொள்வார் சிலரே. திருநீலகண்டர் மட்கலம் வனைந்தவர். திருக்குறிப்புத்தொண்டர் ஆடை வெளுத்தவர். நேசர் ஆடை நெய்தவர். ஆனாயர் ஆநிரை மேய்த்தவர். கலியர் எண்ணெய் விற்றவர். அதிபத்தர் கடலில் வலை வீசியவர். இவர்கள் தொழிலை விட்டு வழிபாட்டிற்குப் பொழுது தேடினாரல்லர். தொழிலுக்குள்ளேயே ஓர் இடத்தை இறைவனுக்கென வரையறுத்து வைத்தனர்.

அதிபத்தரை எடுத்துக்கொள்வோம். நாகைக் கடற்கரையிலுள்ள நுளைப்பாடியில் வாழ்ந்த இவர், நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விடும் நியமம் பூண்டவர். வலை வளங் குன்றி ஒரே மீன் கிடைத்த நாளிலும் அதனை விட்டுவிட்டு வெறுங்கையோடு மீண்டனர். சுற்றம் பசித்தது, உடல் தளர்ந்தது, நியமம் தளர்ந்திலது. அவர் மேற்கொண்டது நெடிய பூசையன்று. மீன் ஒன்றைக் கைவிடும் நொடிப்பொழுதே அவர் வழிபாட்டின் அளவு. ஆயினும் அந்நொடி ஒருநாளும் தவறிற்றில்லை.

ஆனாயர் ஆநிரை மேயும் இடைப்பொழுதில் வேய்ங்குழலில் திருவைந்தெழுத்தை இசைத்தார். ஆயர் தொழிலில் ஓய்வென ஒன்று உண்டாயின் அஃது அவ்வேளையே. அதனைத் துயிலிலும் வீண்சொல்லிலும் கழியாது இறைவனுக்கு ஆக்கினார்.

கணமங்கலத்துத் தாயனாராகிய அரிவாட்டாயர் வரலாறு நமக்கு இன்னும் அணித்து. செல்வராய் இருந்த காலத்துச் செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் நாள்தோறும் இறைவனுக்கு அமுது செய்வித்தவர், வறுமையுற்ற பின்னர்ப் பிறர் வயலிற் கூலிக்கு நெல்லறுக்கச் சென்றார். செந்நெல் கூலியாகக் கிடைத்தால் அது திருவமுதிற்கு. கார்நெல் கிடைத்தால் அது தம் உணவிற்கு என வகுத்துக்கொண்டார். வயல்களெல்லாம் செந்நெல்லே விளைந்த காலத்தும் அக்கூலி முழுதையும் திருவமுதிற்கே ஆக்கி, அடகும் நீரும் உண்டு நாள் கழித்தார். செல்வனாய் இருந்து வழிபடுதல் எளிது. கூலியாளாய், பிறன் குறித்த வேளைக்கு வயலிற் சென்று நின்று, அதன்பின்னும் நியமத்தைக் காத்தவர் இவர். "எனக்கு இன்னும் சிறிது வசதி வரட்டும், பின்னர்த் தொடங்குவேன்" என்பார்க்கு இவ்வரலாறே விடையாகும்.

இனிச் சாக்கியரை நோக்குக. சங்கமங்கையிற் பிறந்து, காஞ்சியடைந்து, புத்த சமயத்தைச் சார்ந்து, பின்னர்ச் சிவமே பொருளெனத் தெளிந்த இவர், கொண்ட வேடத்தை மாற்றாமலே சிவலிங்கத்தைக் கண்டு வழிபட்ட பின்னரே உண்பது என்னும் கடப்பாடு மேற்கொண்டார். கல்லொன்றை எடுத்து எறிதலே அவர் வழிபாடு. ஒருநாள் மறந்து உண்ண அமர்ந்தார். அமர்ந்தபின் நினைவு வந்தது. உடனே உணவைவிட்டு எழுந்து, விரைந்தோடிக் கல்லெறிந்தார். அந்த நாளிலேதான் இறைவன் அவர்க்கு வெளிப்பட்டருளினான் என்று திருத்தொண்டர் புராணம் கூறும். மறவாத நாள்கள் பல கழிந்திருக்க, மறந்த நாளில் அருள் வந்தது என்னை? மறந்தவிடத்து "நாளை பார்ப்போம்" என்று அமர்ந்திராது எழுந்தமையால் என்க. நியமம் என்பது ஒருபோதும் வழுவாமை மட்டுமன்று. வழுவியவிடத்து மீண்டெழுதலும் நியமத்தின் உறுப்பே.

அரசியற் பணியும் அடிமைத்திறமும்

அலுவல் மிகுதியைக் காரணங் காட்டுவோர், "அவர்கள் எளிய தொழிலாளர்; பெரும்பொறுப்பு உடையவர்க்கு இஃது ஒல்லாது" எனக் கூறலாம். குலச்சிறையார் பாண்டியன் அமைச்சர். அரசன் வேறு சமயம் சார்ந்திருந்த காலத்தில் அவ்வமைச்சுரிமையில் நின்றுகொண்டே அடியார் தொண்டை விடாது செய்தவர். திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான், இரண்டாங் குலோத்துங்கன் எனப்படும் அநபாய சோழனிடம் அமைச்சராய் இருந்தவர். அம்மன்னன் ஆட்சி 1133 முதல் 1150 வரையிலாகும். அமைச்சராய் இருந்த காலத்தே சோணாட்டுத் திருநாகேச்சரத்தில் ஈடுபாடு மிக்குற்று, தம் ஊராகிய குன்றத்தூரில் அப்பெயராலேயே ஒரு கோயில் எடுப்பித்தனர் என்பது அவர் வரலாறு. தொலைவிலுள்ள பதியை நாள்தோறும் சென்று வழிபடுதல் கூடாதபோது, அப்பதியைத் தம் ஊருக்கு அழைத்துக்கொண்டனர்.

மணிவாசகப் பெருமான் அமைச்சு நீங்கித் துறவு பூண்டவர் அன்றோ எனின், உண்மை. சிறுத்தொண்டரும் வாதாபிப் போர் வென்று மீண்டபின் அரசனால் சேனைப்பணியினின்று விடுவிக்கப்பட்டார். பணியை விட்டு நிற்றலும் பணியில் நிற்றலும் ஆகிய இருவழியும் நம் சமயத்தில் உண்டு. அவற்றுள் எஃது எவர்க்கு என்பது இறைவன் திருவுள்ளம். ஆனால், முன்னதற்கு அழைப்புப் பெறாதவர் பின்னதனையும் விட்டு இரண்டுமின்றி நிற்றற்கு வரலாற்றில் இடமில்லை.

கல்வெட்டுக்கள் காட்டும் வழி

தம்மால் நாள்தோறும் கோயிலில் நிற்கவியலாதவர் தம் பொழுதிற்கு ஈடாக ஒன்றை அங்கே நிறுத்திவைத்தனர் என்பதைக் கல்வெட்டுக்கள் தெரிவிக்கின்றன. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களில் ஒரு நுந்தாவிளக்கிற்கு 96 ஆடுகள் அளிக்கப்பட்டமையும், அவற்றால் நாள்தோறும் ஓருழக்கு நெய் அளக்கவேண்டுமென வரையறுத்தமையும் காண்கின்றோம். அவ்வாடுகள் சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. ஆடு இறப்பினும் மூப்பினும் அதன் குட்டி அவ்விடத்தை நிரப்பவேண்டும். தொகை குறைதல் ஆகாது. விளக்கு அணைதல் ஆகாது என்பது கருத்து.

ஆனால் எல்லாரும் 96 ஆடுகட்கு உரியர் அல்லர். ஆதலின் பகலிரவு எரியும் நுந்தாவிளக்கேயன்றி, ஒரு சந்திப்பொழுது மட்டும் எரியும் சந்திவிளக்கும் பலரால் வைக்கப்பட்டது. சிறுபொருள் உடையார் சிறுவிளக்கு வைத்தனர். கோயிலார் அதனையும் ஏற்று, அப்பெயரையும் கல்லிற் பொறித்தனர். "எஞ்ஞான்றும் எரியும் விளக்கு வைக்க இயலாதவன் விளக்கு வைக்க விரும்புதல் ஆகாது" என்று எக்கோயிலும் எவரையும் திருப்பி அனுப்பிற்றில்லை. இதனைக் கல்வெட்டுத் தொகுதிகளிற் படிக்குந்தோறும் யான் அந்நூலாலைத் தொழிலாளரை நினைந்து நாணினேன்.

மற்றொரு செய்தி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதல் இராசராசன், தான் எடுப்பித்த அப்பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வதற்கு 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் ஆக ஐம்பதின்மரை ஏற்படுத்தினான். அவர்கட்கு நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. அவருள் ஒருவர் இறப்பினும் வேற்றூர் செல்லினும் அவர்க்கு உறவின்முறையார் அவ்விடத்து நின்று பாடவேண்டும். அவர் தகுதியிலராயின் தகுதியுடையாரை நிறுத்தவேண்டும் என்பதும் அக்கல்வெட்டில் உண்டு. மனிதன் நிலையாதவன் என்பதை அறிந்தே அவ்வேந்தன் பொழுதை நிலைப்படுத்தினான். விளக்கிற்கும் பாட்டிற்கும் நம் முன்னோர் கொண்ட நெறி ஒன்றே. அளவு சிறிதாயினும் ஆகுக. இடையறவு படுதல் ஆகாது என்பதே அந்நெறி.

மணிக்கணக்கு வந்த காலம்

இனி, நம் நாட்டில் பொழுதின் இயல்பு மாறிய வரலாற்றைச் சிறிது கூறுவேன். சென்னை வானாய்வுக்கூடம் 1792 இல் எழுந்தது. அங்கு வானாய்வாளராய் இருந்த கோல்டிங்காம் என்பவர் 1802 இல் சென்னை நேரத்தை வரையறுத்தார். 1856 இல் இராயபுரத்தினின்று தென்னாட்டின் முதற் புகைவண்டி புறப்பட்டது. இருப்புப்பாதை நீள நீள, ஊர்தோறும் ஞாயிற்றை நோக்கி அறிந்த பொழுது போய், எல்லா ஊர்க்கும் ஒரே மணி என்னும் முறை வந்தது. 1906 சனவரி முதல் நாளில் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை நேரத்தினும் அஃது ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முற்பட்டு நின்றது.

இம்மாற்றத்தால் நேர்ந்தது யாது? உழவனும் குயவனும் வேலையைத் தாமே தொடங்கித் தாமே நிறுத்தினர். சந்தி வந்துழி நிறுத்தும் உரிமை அவர்க்கு இருந்தது. ஆலைச் சங்கும் அலுவலக மணியும் வந்தபின் பொழுது பிறர்கையிற் சென்றது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வயது வந்தோர்க்கு வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கு மேல் வேலையில்லை என வரையறுத்து, வார ஓய்வும் அளித்தது. வாரத்திற்கு 168 மணி நேரம் உண்டன்றோ, எஞ்சிய 120 மணியும் ஓய்வே எனக் கணக்கிடற்க. துயிலும், உணவும், வழிப்போக்கும், நோயும், பிள்ளைகளும் அதனுள் அடங்கும். எனவே "பொழுதில்லை" என்பார் கூற்றில் ஒருபாதி மெய் உண்டென ஒப்புதல் வேண்டும். தம் பொழுது தம் கையில் இல்லாதவரை, தம் பொழுது தம் கையில் இருந்தவர்க்கு வகுத்த விதியால் மட்டும் அளந்து தள்ளுதல் நேர்மையாகாது.

இரு சான்றுகள்

இப்புதுக் காலக் கணக்கினுள் வாழ்ந்தே சிவநெறி காத்த இருவரை ஈண்டு எடுத்துக்காட்டுவேன்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1822 முதல் 1879 வரை வாழ்ந்தவர். இளமையில் வெசிலியன் மிசன் பாடசாலையில் ஆசிரியராய் இருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்கும் துணை புரிந்தார். பிற சமயத்தார் நிலையத்தில் ஊதியம் பெற்றுப் பணிசெய்த அந்நாளிலும் சைவாசாரத்தைச் சிறிதும் நெகிழவிட்டிலர். அப்பணியில் இருக்கும்போதே 1847 டிசம்பர் 31 ஆம் நாளாகிய வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிற் சைவப்பிரசங்கம் தொடங்கினார். அது முதல் வெள்ளிதோறும் மாலையில் அப்பிரசங்கம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டாகிய 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. அதன்பின் அவர் பணியை விட்டு முழுதும் சமயத்தொண்டிற்கே ஆயினார். நாம் கருதவேண்டுவது முதற்செயலை. வாரத்தில் ஒரு மாலை என்று ஒன்றைக் குறித்து, அதனை விடாது பற்றினார். யாழ்ப்பாணத்துச் சைவ எழுச்சி முழுவதும் அவ்வொரு மாலையினின்றே கிளைத்தது எனின் அது மிகையன்று.

மற்றொருவர் திரு. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை. 1864 இற் பிறந்து 1920 இற் சிவபதம் அடைந்தவர். வழக்கறிஞராய்த் தொடங்கி மாவட்ட முன்சீப் ஆனவர். வழக்குக் கட்டுக்களையும் தீர்ப்புரைகளையும் இடைவிடாது நோக்கவேண்டிய பதவி அது. அப்பதவியில் இருந்துகொண்டே 1895 இற் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1897 இற் சித்தாந்த தீபிகை என்னும் மாத வெளியீட்டைத் தொடங்கினார். 1913 இற் சிவஞானசித்தியார் மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. மாதந் தவறாது வெளியீடு நடத்துதல் எத்துணைப் பொழுதை விழுங்கும் என்பது அத்தொழில் அறிந்தார்க்கே தெரியும். இவர்க்கு ஓய்வு மிக்கிருந்தது என்று எவரும் கூறார்.

விதி நெகிழும் இடமும் நெகிழா இடமும்

இனி விதிநூல் வழியே நோக்குவோம். நீராடுதலை நித்தியகருமத்தின் முதலாகக் கூறிய நூல்களே, நோயாலும் பிறவாற்றாலும் நீராட இயலாதார்க்குத் திருநீற்றால் ஆடும் ஆக்கினேய ஸ்நானத்தையும், மந்திர ஸ்நானத்தையும், மானச ஸ்நானத்தையும் விதித்தன. பொழுது தவறியவர்க்குக் கழுவாயும் கூறின. நூல் செய்தோர் மக்கள் நிலையை அறியாதவர் அல்லர். ஒன்று இயலாவிடத்து அதனினும் சிறியதொன்றைக் காட்டினரேயன்றி, ஒன்றும் வேண்டா என்றிலர். செய்யும் வகை நெகிழும், செய்தல் நெகிழாது. விதி இவ்வாறு இருக்க, அதன் கடுமையை மட்டும் எடுத்து அதன் கருணையை மறைத்தது என் பிழை.

"பொழுது குறித்துச் செய்வது உள்ளம் பொருந்தாத வெறுஞ் சடங்காகாதோ? நினைத்தபோது மனத்தால் நினைத்தல் போதாதோ?" என்று சிலர் வினவுவர். மனவழிபாட்டிற்கு மயிலை வாயிலாரும் திருநின்றவூர்ப் பூசலாரும் சான்றாவர். ஆயினும் பூசலார் மனத்தில் எடுத்த கோயிலை ஆராய்க. அடிநிலை முதல் சிகரம் வரை முறையே நாள்தோறும் எடுத்தார். குடமுழுக்கிற்கு நாளும் வேளையும் குறித்தார். அந்நாளும் காடவர்கோன் காஞ்சியில் எடுப்பித்த கற்றளிக்குக் குறித்த நாளும் ஒன்றாகவே, இறைவன் அரசனது கனவிற் றோன்றி அவன் நாளை மாற்றுமாறு பணித்தருளினான். மனக்கோயிலுக்கும் நாள் உண்டு. அந்நாளை அரசன் கற்கோயில் நாளினும் இறைவன் முற்படுத்தினான். மனத்தால் வழிபடுதல் பொழுதின்றி வழிபடுதல் என்று கொள்ளற்க.

சித்தாந்தம் இதற்குக் காட்டும் காரணம் தெளிவானது. உயிர் சார்ந்ததன் தன்மையாய் நிற்கும் இயல்பினது. நாள் முழுதும் உலகைச் சார்ந்து அதன் வண்ணமாகும் உயிர், சிவத்தைச் சாரும் ஒரு பொழுதேனும் நிலையாக இல்லாவிடில், அதன் வண்ணம் பெறுதல் எவ்வாறு? மறத்தல் ஆணவமலத்தின் செயல். விருப்பம் வந்தபோது நினைப்போம் எனின், விருப்பத்தை மறைப்பதே அம்மலத்தின் தொழில் அன்றோ? குறித்த பொழுது என்பது விருப்பம் இல்லாத நாளிலும் நம்மைக் கைப்பிடித்து அழைத்துச்செல்லும் துணை. இது தொடக்கநிலையார்க்கு மட்டும் உரியதும் அன்று. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மெய்யுணர்ந்தவரும் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு தொழுதல் விதிக்கப்பட்டது. ஞானியர்க்கே விடுதலில்லை எனின், நமக்கு விடுதல் ஏது?

முடிபு

எனவே, அத்தொழிலாளர்க்கு யான் அன்று கூறியிருக்க வேண்டிய விடை இதுவாகும்: "ஐயா, தங்கட்குக் கதிரவன் தோற்றம் சந்தி ஆகாத வாரத்தில், தாங்கள் துயிலெழும் பொழுதே தங்கள் காலைச்சந்தி ஆகுக. வேலைக்குப் புறப்படுமுன் ஒரு நாழிகை. நீராட இயலின் நீராடுக. இயலாதாயின் திருநீறு போதும். திருவைந்தெழுத்தை எண்ணி ஓதி, ஒரு திருப்பதிகம் பாடுக. உண்ணுமுன் ஒருமுறை கைகுவிக்க. ஓய்வுநாளில் திருக்கோயில் சென்று வழிபடுக. ஒருநாள் மறந்தால் சாக்கியரை நினைந்து எழுந்தோடுக. இவற்றை ஓராண்டு இடையறாது செய்து, ஆசாரியரிடம் தங்கள் நிலையை மறையாது கூறித் தீக்கை வேண்டுக. தக்கது அவர் அருளுவர்."

ஒரு நாழிகை என்பது நாளில் அறுபதில் ஒரு கூறு. அறுபதில் ஐம்பத்தொன்பதை உலகிற்குக் கொடுத்து ஒன்றை இறைவனுக்கு வைத்தல் பெருங்கொடையன்று. ஆயினும் நாள்தோறும் வைத்தால் அது சந்திவிளக்காகும். அதுவும் கடினமாயின் கால் நாழிகையேனும் தொடங்குக. வீட்டிலுள்ளார் கூடிச் செய்தல் மிக நன்று. ஒருவர் மறந்தபோது மற்றொருவர் நினைவூட்டுவர், திருப்பதியம் பாடுவார் ஒருவர் நீங்கியவழி மற்றொருவர் நின்றாற்போல.

சமயநூல் கற்ற நண்பர்கட்கும் ஒரு விண்ணப்பம். பணியில் உழல்வோர் நம்பால் வந்து வழி கேட்கும்போது, விதியின் முழு அளவையும் எடுத்துரைப்பதற்கு முன் அவர் நாள் எவ்வாறு கழிகின்றது என்று முதலிற் கேளுங்கள். அவர்க்கு இயலும் சிறிய அளவைக் காட்டுங்கள். அவ்வளவில் உறுதியை மட்டும் குறையாது கேளுங்கள். கோயில் வாயிலில் நின்று சிறுவிளக்கு ஏந்தி வந்தவனைத் திருப்பியனுப்பும் உரிமை நமக்கு எவரும் தந்திலர். அவ்வன்பர் இன்று எங்கிருப்பினும், யான் மூடிய கதவைப் பிறரொருவர் அவர்க்குத் திறந்திருப்பர் என்று நம்புகின்றேன். இக்கட்டுரை அவர் கண்ணிற் படுமாயின், இதனை என் வணக்கமாகக் கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்